சகலனின் சிவப்பு விமானம்

என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் கட்டாரை விட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்த மாதம்தான் என் பெயர் மாறியது. அதுவரை மாமா என்னை "மருமகன்" என்று மட்டும் கூப்பிடுவார். அந்தப் பெரிய மருமகன் வந்து இறங்கிய மறுநாள் காலையில், "சின்ன மருமகன், அந்தக் கதிரையை இங்கால இழுத்துப் போடுங்க" என்றார். நான் இழுத்துப் போட்டேன். கதிரை பெரியவருக்கு.

புளியந்தீவில் வாவிப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரே வளவுக்குள் எங்களுக்கு மூன்று வீடுகள். நடுவில் மாமாவின் வீடு. அதற்கு இரண்டு பக்கமும் அவர் தன் மகள்மாருக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீடுகள். கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண்ணின் வளவுக்குப் போய் இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சகலன் கல்யாணம் முடித்த கையோடு கட்டாருக்குப் போய்விட்டார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை சொக்கலேட்டோடு வந்து ஒரு மாதம் நின்றுவிட்டுப் போவார். ஆகவே வளவில் இருந்த ஒரே ஆம்பிளை மருமகன் நான்தான். மாமி இறந்தபோது சவப்பெட்டிக்கு அலைந்தது நான். கிணற்று மோட்டர் நின்றால் பார்ப்பது நான். மாமாவுக்குச் சீனி வருத்தம் வந்த பிறகு மாதம் தவறாமல் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவதும் நான். நான் வேலை செய்வது டவுனில் ஒரு பாமசியில். அவருடைய குளிசைகளைப் பிரித்து, காலை, மதியம், இரவு என்று உறையில் எழுதிக் கொடுப்பதுகூட என் கைதான்.

மாமா வாழ்நாள் முழுவதும் பஸ் ஓட்டியவர். அதிகம் கதைக்க மாட்டார். நானும் அவருமாகக் கிளினிக் வாங்கில் பாதி நாள் உட்கார்ந்திருந்தாலும் எங்களுக்குள் நாலு வார்த்தை வந்தால் பெரிது. அது மாமாவின் குணம் என்றே நான் நினைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது வளவுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. மாமா கதிரையில் இருந்தார். தலை, தோள், சாரன் எல்லாம் வெள்ளை வெள்ளையாகத் துகள். சகலன் நிலத்தில் சம்மணம் கொட்டி இருந்து, மீன் ஐஸ் போட்டு வரும், பஞ்சு போல இலேசான வெள்ளை ரெஜிபோம் பெட்டியின் மூடியைப் பிளேட்டால் மெல்லிய தகடாகச் சீவிக்கொண்டிருந்தார். என்ன பகிடி விட்டாரோ தெரியாது. மாமா வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். மாமி போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நான் அவருடைய குளிசைப் பையோடு கிணற்றடியில் நின்றேன்.

"வாங்க தம்பி, நாங்க பிளேன் செய்யிறம்" என்றார் சகலன்.

கட்டாரில் அவரோடு அறையில் இருந்தவர்கள் வெள்ளிக்கிழமைகளில் பாலைவனத்துக்குப் போய் ரிமோட் விமானம் விடுவார்களாம். அதில் இவருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. ரிமோட் பெட்டியைக் கூடக் கொண்டு வந்திருந்தார். ஆனால் வாவிக்கு அந்தப் பக்கம் விமான நிலையம் இருப்பதால் அதை இங்கே அனுமதி இல்லாமல் தொடக்கூடாது என்று அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். "கையால வீசுறதுக்கு ஒருத்தரிட்டயும் கேக்கத் தேவையில்லதானே" என்றார்.

செய்து முடித்திருந்த வால் ஒன்றை மாமா கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். "இதுக்கு ஸ்டேரிங் எங்க கிடக்கு?"

"ஸ்டேரிங் இல்ல மாமா."

"அப்ப எப்பிடிக் கிறுகும்?"

கிறுகுவது என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் திரும்புவது. சகலன் வேலையை நிறுத்திவிட்டு அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். மாமாவின் விரலைப் பிடித்து, வாலில் நிமிர்ந்து நின்ற அட்டையில் வைத்தார்.

"இதுதான் சுக்கான். தோணிக்கு இருக்கிற மாதிரி. ஆனா இதை மட்டும் மடிச்சா மூக்குத்தான் அங்கால பாக்கும். ஆள் பழைய பக்கமே வழுக்கிக்கொண்டு போவார். பஸ்ஸுக்கு டயர் இருக்கு, ரோட்டைப் பிடிச்சுக்கொண்டு கிறுகும். காத்தில பிடிக்க என்ன இருக்கு?"

"ஒண்டுமில்ல."

"அதாலதான் செட்டையை, இந்த இறக்கையைச் சரிக்கிறது. செட்டை நேராக் கிடந்தா காத்து நேர மேல தூக்குது. இடப்பக்கம் சரிஞ்சா, அந்தத் தூக்கிற பலமும் சரிஞ்சு இடப்பக்கமா இழுக்கும். அந்த இழுவையிலதான் பிளேன் கிறுகுது. சுக்கான் சும்மா ஒரு உதவிக்கு. மூக்கு ஒழுங்கா அந்தப் பக்கம் வாறத்துக்கு."

மாமா அந்த அட்டையை விரலால் அங்கும் இங்கும் அசைத்தார். பிறகு, "பதுளை ரோட்டில வளைவுகளில வெளிக்கரையை உயர்த்திப் போட்டிருப்பான். பஸ் சரிஞ்சுதான் வளையும். சரியாத வளைவில வேகமாப் போனா வெளியால தள்ளிரும். அப்பிடியா?" என்றார்.

"அதேதான் மாமா. உங்களுக்கு ரோட்டுப் போட்டவன் சரிச்சு வெச்சிருக்கான். இதுக்கு ரோட்டில்ல. தானாத்தான் சரிஞ்சுகொள்ளணும்."

அதற்குப் பிறகு மாமா பதுளை வீதியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். எந்த வளைவில் பிரேக் பிடிக்கக் கூடாது, எந்த இடத்தில் பனி இறங்கும், மழைக்கு எங்கே மண் சரியும். சகலன் கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே போனார். எத்தனையோ வருடம் அவரோடு ஒரே வளவில் இருந்தவன் நான். எனக்கு இதில் ஒன்றுமே தெரியாது. நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. வீட்டுக்குள் போய்ப் பாதிச் சோற்றில் எழும்பினேன். கறியில் உப்புக் கூடிவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன்.

பறக்க விடுவதற்குப் பழுகாமத்துக்குப் போனார்கள். மாமாவுக்கு அங்கே வயல் வட்டையில் கொஞ்சம் நிலம் இருக்கிறது, குத்தகைக்குக் கொடுத்திருக்கிறார். அறுவடை முடிந்து வட்டை முழுவதும் அரிதாளாய்க் கிடந்தது. விழுந்தாலும் விமானத்துக்குச் சேதமில்லை. சகலன் ஹயருக்கு ஓடவென்று வாங்கிய பழைய வான் வண்டியில் முன் சீட்டில் மாமா, பின் சீட்டில் நான், என் மடியில் விமானங்கள்.

சகலன் வீசியது அழகாகத்தான் இருந்தது, அதை நான் மறுக்க முடியாது. தோளுக்கு மேலே பிடித்து, மூக்கை ஒரு பொட்டுக் கீழே காட்டி, ஈட்டி எறிவது போல் இல்லாமல் மெல்லத் தள்ளிவிட்டார். விமானம் வயலுக்கு மேலே வழுக்கிக்கொண்டு போய், இடப்பக்கம் சரிந்து, பெரிய வட்டமாகத் திரும்பி எங்களை நோக்கி வந்தது. இறக்கையின் அடிப்பக்கம் முழுவதும் அவர் நல்ல சிவப்புப் பெயின்ற் அடித்திருந்தார். அது பறக்கும்போது சகலனின் வாய் ஓயவில்லை. "இப்ப வாய்க்காலுக்கு மேல போகுது மாமா. இந்தா, இடப்பக்கம் சரியுது. கிறுகுது, கிறுகுது. மருத மரத்துக்கு நேர வந்துட்டுது. இப்ப எங்களைப் பாத்து வருது. உங்கட வலப்பக்கம் இறங்கப் போகுது."

மாமா கையைத் தட்டினார்.

கிரிக்கெட் வர்ணனை மாதிரி என்னத்துக்கு இந்த ஆரவாரம் என்று எனக்குள் எரிந்தது. சிவப்புப் பெயின்றும் அப்படித்தான், ஊர் பார்க்க வேண்டும் என்று. திரும்பி வரும்போது மாமா ஒரு தடவைகூடப் பின்னால் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. நான் மடியில் இருந்த விமானத்தின் வாலை விரலால் சுண்டிக்கொண்டு வந்தேன். உடைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. உடைந்தால் பரவாயில்லை என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை நானும் ஒன்று செய்யத் தொடங்கினேன். யாரையும் கேட்கவில்லை. சகலன் செய்ததைத் தேத்தண்ணி குடிக்கப் போகும் சாட்டில் பார்த்துப் பார்த்து அளவு மனதில் எடுத்தேன். உடலுக்குக் கமுகஞ் சிலாகை ஒன்று, என் முழங்கை நீளத்துக்கு. இறக்கைக்கு ரெஜிபோம், நுனிக்கு நுனி சிலாகையைவிடக் கொஞ்சம் நீளம், அகலம் ஒரு சாண் வராது. முன்விளிம்பை உரைத்து உருட்டிவிட வேண்டும், பின்விளிம்பை மெல்லிதாக்க வேண்டும். வாலுக்கு மருந்துப் பெட்டி அட்டை. அது எனக்குப் பாமசியில் தாராளம். படுத்த வால் ஒன்று, நிமிர்ந்த வால் ஒன்று. மூக்கில் களிமண் உருண்டை. இறக்கையின் முன் விளிம்பில் இருந்து மூன்றில் ஒரு பங்கு பின்னால் இரண்டு விரல்களை வைத்துத் தூக்கினால், முன்னும் பின்னும் சாயாமல் விமானம் நிற்க வேண்டும். நிற்கும்வரை களிமண்ணைக் கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும்.

சகலனின் விமானத்தில் ஒரு பிழை எனக்குத் தெரிந்தது. இறக்கை இரண்டும் நேராக இல்லை. நடுவில் பள்ளமாகி, நுனிகள் இரண்டும் மேலே தூக்கிக்கொண்டு நின்றன. பசை காயும்போது ஆள் கவனிக்காமல் விட்டிருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். என்னுடையதை மட்டப் பலகையில் படுக்கவைத்து, மேலே என் மருந்துப் புத்தகங்களைப் பாரம் ஏற்றி, அடிமட்டம் வைத்தாற்போல் நேராக ஒட்டினேன்.

மனைவி கதவடியில் நின்று பார்த்தாள். "நீங்க என்னத்துக்கு இப்ப பிளேன் செய்யிறீங்க? அத்தான் ஒராள் செய்யிறது காணாதா?"

"சும்மா ஒரு பொழுதுபோக்குக்கு."

"உங்கட மூஞ்சையைப் பாத்தா பொழுதுபோக்கு மாதிரித் தெரியல்ல."

வீட்டுக்குள் ஹோலில் வீசிப் பார்த்தேன். முதலில் மூக்கு நிலத்தில் குத்தியது. படுத்த வாலின் பின்விளிம்பை ஒரு மயிரிழை மேலே மடித்தேன். அப்படி மடித்தால் காற்று வாலைக் கீழே அமத்தும், மூக்கு நிமிரும். கூட மடித்தால் மூக்கு வானத்தைப் பார்த்து, வேகம் செத்து, அப்படியே பொத்தென்று விழும். கடைசியில் ஒரு சுவரில் இருந்து மறு சுவர்வரை கோடு கிழித்தாற்போல் போனது. அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை வட்டையில் மாமாவிடம்தான் கொடுத்தேன். "நீங்க வீசுங்க மாமா, இது நான் செய்தது."

அவர் தடவிப் பார்த்தார். "நல்ல நேராச் செய்திருக்கீங்க." அந்தச் சொல்லுக்காகத்தான் ஒரு கிழமையாய்க் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மாமா வீசினார். கொஞ்சத் தூரம் ஒழுங்காகப் போனது. அப்போது வாவிப் பக்கமிருந்து ஒரு காற்று வந்து வலது இறக்கையைத் தூக்கியது. தூக்கிய இறக்கை திரும்பக் கீழே வரவில்லை. விமானம் அப்படியே ஒரு பக்கம் சரிந்து, சரிந்தபடியே வழுக்கி, போய் வாய்க்கால் வரம்பில் குத்தியது. இறக்கை இரண்டு துண்டு.

"என்ன, விழுந்துட்டுதா?" என்றார் மாமா.

சகலன் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் நல்லது. அவர் துண்டுகளைப் பொருத்திப் பார்த்து, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "வேலை துப்புரவா இருக்கு தம்பி, என்னால இப்பிடி வெட்ட ஏலாது. செட்டை நேராப் போயிட்டுது, அவ்வளவுதான். பசை காயேக்க ரெண்டு நுனிக்கும் கீழ நெருப்புப்பெட்டி வெச்சு உயர்த்தி விடணும். அப்பிடி இருந்தா காத்துத் தள்ளிச் சரிஞ்சாலும், கீழ போன செட்டைக்குத் தூக்குக் கூடி, தானா நிமிந்துரும். எங்கட பிளேனுக்குள்ள நிமித்துறதுக்கு ஆள் இல்லைதானே."

"தெரியும்" என்றேன். தெரியாது. நான் பிழை என்று நினைத்ததுதான் அதன் உயிரே. அதைவிட, அவர் ஏன் அவ்வளவு நல்லவராக இருக்க வேண்டும் என்ற கோபம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. மாமாவுக்குக் கேட்கும்படி சொல்லியிருந்தால் நான் அவரைப் பகைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அதன்பிறகு என் வேலை எல்லாம் அதுவாகப் போனது. பாமசியில் ஆள் இல்லாத நேரம் அட்டை வெட்டினேன். நெருப்புப்பெட்டி வைத்து நுனி உயர்த்தினேன். இடது இறக்கையின் பின்விளிம்பில் சின்ன அட்டைத் துண்டு ஒட்டி மேலே மடித்தால் அந்தப் பக்கம் தணியும், வலதில் கீழே மடித்தால் அந்தப் பக்கம் உயரும், இரண்டும் சேர்ந்தால் விமானம் இடம் சரியும் என்று நானாகவே பிடித்துக்கொண்டேன். பெரிய விமானத்தில் ஜன்னலால் பார்த்தால் இறக்கைக்குப் பின்னால் ஒரு துண்டு ஏறி இறங்கும், அதுவும் இந்த வேலைதான். கூட மடித்தால் வட்டம் சுருங்கிச் சுருங்கி விமானம் சுழன்று விழுந்தது. மயிரளவு மடித்து, நிமிர்ந்த வாலையும் அதே பக்கம் ஒரு பொட்டுத் திருப்பியபோது சரி வந்தது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து யாருக்கும் சொல்லாமல் கல்லடிக் கடற்கரைக்குப் போய் வீசினேன். முழு வட்டம் போட்டு என் காலடியில் வந்து இறங்கியது. பக்கத்தில் ஒரு கிழட்டு நாய் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றது.

அந்தக் கிழமை சகலனுக்குக் காய்ச்சல். படுத்த படுக்கையில் கிடந்தார். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லக் கூடாது. "நாம ரெண்டு பேரும் போவம் மாமா" என்று வான் சாவியை வாங்கினேன். முதல் தடவையாக முன் சீட்டில் எனக்குப் பக்கத்தில் மாமா.

வட்டையில் காற்று மட்டாக இருந்தது. என்னுடைய வெள்ளை விமானத்தை நானே வீசினேன். அது போன போக்கை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். சகலனுடையது ஒருநாளும் அவ்வளவு தூரம் போனதில்லை. உயர்ந்து, மெதுவாக இடம் சரிந்து, மருத மரத்துக்கு அப்பால் போய்த் திரும்பியது. நான் வாயே திறக்கவில்லை. அவர் தன் கண்ணால் பார்த்துத் தானாகச் சொல்லட்டும் என்று நின்றேன்.

மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தெற்கே பார்த்துக்கொண்டு நின்றார். விமானம் வடக்கே, அவருடைய முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

"எங்க போகுது?" என்றார்.

"இந்தா வருது மாமா."

"ஆ, ஓம், ஓம்." கையை உயர்த்தி ஒன்றுமில்லாத ஆகாயத்தைக் காட்டினார். விமானம் அரிதாளில் இறங்கிச் சறுக்கி நின்றது. அதற்கும் பிறகு, "நல்லாப் போகுது, நல்லாப் போகுது" என்று கையைத் தட்டினார்.

பக்கத்தில் போய் என் கையை அவருடைய முகத்துக்கு முன்னால் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். "இது எத்தின விரல் மாமா?"

அவர் வரம்பில் குந்தினார். "டிரைவர் ஒருத்தன் கண் தெரியல்ல எண்டு சொல்லித் திரியிறதா?" என்றார். "இடக்கண் பனி மூட்டம் மாதிரி. மற்றது பரவாயில்ல. கிட்டத்தில தெரியும்."

மாதா மாதம் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனவன் நான். இரத்தம் சோதித்தார்கள், பிரசர் பார்த்தார்கள், காலைப் பார்த்தார்கள். கண் எப்படி என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வானை ஓட்டிக்கொண்டு வரும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த யோசனை பிடிக்கவே இல்லை. சிவப்புப் பெயின்ற். வாய் ஓயாத வர்ணனை. உங்கட வலப்பக்கம், உங்கட இடப்பக்கம்.

நேராகச் சகலனின் கட்டிலடிக்குப் போனேன். "அண்ணன், மாமாக்குக் கண் தெரியாது எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் போர்வையை விலக்கி எழும்பி இருந்தார். "ஓம் தம்பி. வந்த கிழமையே தெரியும். போனில எங்கட பிள்ளையிண்ட படம் காட்டினன். தலைகீழாப் பிடிச்சுப் பாத்துட்டு, நல்ல வடிவு எண்டார்."

"அதுக்குத்தானா சிவப்பு அடிச்சது?"

"வெள்ளை வானத்தில வெள்ளை தெரியாதே. சிவப்பு எண்டா கொஞ்சம் நிழல் மாதிரித் தெரியுதாம்."

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

அவர் என்னைப் புதினமாகப் பார்த்தார். "கிளினிக்குக்குக் கூட்டிப் போறது நீங்கதானே. உங்களுக்குத் தெரியாம இருக்கும் எண்டு நான் நினைக்கவேயில்ல. கண்ணுக்கும் காட்டிக்கொண்டுதான் இருக்கீங்க எண்டு நினைச்சன்."

அவர் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். பகிடியும் விமானமும் அவருக்கு இருக்கட்டும், மாமாவின் உடம்பு என் பொறுப்பு என்று நான் எனக்குள்ளே ஒரு எல்லை போட்டு வைத்திருந்தேன். அதற்குள்ளும் அவர் எனக்கு முன்னால் வந்து நின்றார்.

கண் டொக்டர் பார்த்துவிட்டு இரண்டு கண்ணிலும் வெண்புரை என்றார். சீனியைக் குறைத்துக்கொண்டு முதலில் இடக்கண்ணைச் செய்வதாகச் சொன்னார். அன்றில் இருந்து மாமாவின் சோற்றை நானே அளந்து போட்டேன். சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்தபோது ஆஸ்பத்திரியில் யார் கூட நிற்பது என்ற கதை வந்தது. மாமா, "பெரியவர் வரட்டும்" என்றார்.

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"எனக்கு ஆஸ்பத்திரியில ஒரு மண்ணும் தெரியாது மாமா. தம்பிதான் சரி" என்றார் சகலன். ஆக, நான் போனேன். அவர் விட்டுக் கொடுத்த இடத்தில் போய் நின்றேன். மாமாவின் கண்ணுக்குத் துளி மருந்து விட்டேன், கையைப் பிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனேன். அவர் கண் மூடிப் படுத்திருந்தபடி, "பெரியவர் சாப்பிட்டாரா?" என்று ஒரு தடவை கேட்டார். நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை.

கண் திறந்த பிறகு மாமா வேறு ஆளாகிவிட்டார். சுவரில் ஊறிய கறை, மகளின் தலையில் நரை, என் சட்டையில் விட்டுப்போன பொத்தான், எல்லாவற்றையும் கண்டுபிடித்துச் சொன்னார். முதல் சனிக்கிழமை வட்டையில் சகலனின் சிவப்பு விமானத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதையா இவ்வளவு நாளும் அழகெண்டு சொல்லி என்னை ஏமாத்தினீங்க? பெயின்ற் வழிஞ்சு கிடக்கு. வால் கோணல். பூனை கடிச்ச மாதிரி."

சகலன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில் பாதி நல்ல சிரிப்பில்லை. பிறகு என்னுடையது பறந்தபோது மாமா அதன் பின்னாலேயே தலையைத் திருப்பி, வட்டம் முடியும்வரை பார்த்தார். "நல்ல வேலை" என்றார். எவ்வளவோ நாள் நான் காத்திருந்த சொல். அதைச் சொல்லிவிட்டுச் சகலனின் பக்கம் திரும்பி, "நீங்களும் இவரிட்டக் கொஞ்சம் பழகுங்க" என்று தோளில் தட்டினார். நல்ல வேலை எனக்கு, தட்டு அவருக்கு.

ஆவணி மாதம் சகலன் திரும்பவும் கட்டாருக்குப் போக முடிவெடுத்தார். வான் ஹயர் சரிவரவில்லை. பழைய கம்பனியே கூப்பிட்டது. அவர் அதைச் சொன்னபோது எனக்குள் ஏதோ இளகி, மூச்சு லேசாக வந்தது. அதை மறைக்க, "இன்னும் கொஞ்ச நாள் இருந்து பாக்கலாமே அண்ணன்" என்றேன்.

மாமா தானும் வழியனுப்ப வரவேண்டும் என்று அடம் பிடித்தார். முதல் நாளே போய் நீர்கொழும்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, காலையில் கட்டுநாயக்காவில் சகலனை இறக்கினோம். அவர் வான் சாவியை என் கையில் தந்து, "உங்கட வண்டிதான் தம்பி இனி" என்றார். மாமா அவரைக் கட்டிப் பிடித்து அழுதார். சனங்களுக்கு நடுவே, சத்தமாக. மாமியின் சவத்தடியில்கூட அவர் அப்படி அழவில்லை.

பிறகு விமானம் எழும்புவதைப் பார்க்க வேண்டும் என்றார். வெளி வீதியில் நாலைந்து வாகனம் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு இடத்தில் நானும் நிறுத்தினேன். எது சகலன் போகும் விமானம் என்று எங்களுக்குத் தெரியாது. நேரத்தைக் கணக்குப் பார்த்து மாமா ஒன்றைத் தெரிவு செய்தார். அது இரைந்துகொண்டு எழும்பி, நேராகக் கடல் பக்கம் ஏறி, பிறகு ஒரு பக்க இறக்கையை மெல்லத் தாழ்த்தியது. மாமா பக்கத்தில் நின்ற ஒரு சிங்களக் குடும்பத்திடம், அரைகுறைச் சிங்களத்தில், கையைச் சரித்துக் காட்டி, விமானம் கிறுகுவதற்கு முன்னால் எப்படிச் சரியும் என்று விளக்கினார். பதுளை வீதியும் அந்த விளக்கத்தில் வந்தது. "மகே புதா" என்று ஆகாயத்தைக் காட்டினார். என் மகன் என்று அர்த்தம். பிறகு என்னைக் காட்டி எதுவும் சொல்லவில்லை. நான் யார் என்று அவர்களும் கேட்கவில்லை.

திரும்பி வரும் வழி முழுவதும் மாமா அவரைப் பற்றித்தான் கதைத்தார். குருநாகலில் தொடங்கியது ஹபரணையிலும் முடியவில்லை. தேத்தண்ணிக் கடையில் அவருக்குச் சீனி போடாமல் வாங்கிக் கொடுத்துவிட்டு, எதிரே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அவர் என்னோடு தாராளமாகக் கதைக்கிறார். முன்பு ஆசைப்பட்டது அதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

வெலிக்கந்தை தாண்டும்போது மாமாவின் போன் அடித்தது. இறங்கிவிட்டாராம். மாமா முகமெல்லாம் மலர்ந்து கதைத்துவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு என் பக்கம் நீட்டினார்.

"தம்பி, களைப்பா? மெதுவாப் போங்க" என்றார் சகலன். "மாமாக்கு மற்றக் கண் எப்ப எண்டு கேட்டு வெச்சீங்களா? மறந்திராதீங்க."

"திகதி எடுத்தாச்சு. அதெல்லாம் எனக்குத் தெரியும். நான் பாத்துக்கொள்ளுவன்."

என் குரல் எனக்கே வெட்டென்று கேட்டது. "சரி தம்பி" என்று வைத்துவிட்டார்.

மாமா போனை மடியில் வைத்துக்கொண்டு, புதுக் கண்ணால் என் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னத்துக்கு அப்பிடிக் கதைச்சீங்க?" என்றார்.

"ஒண்டுமில்ல மாமா. ரோட்டில மாடு நிக்குது" என்றேன். உண்மையிலேயே நின்றது. வேகத்தைக் குறைத்து, அது கடந்து போகும்வரை காத்திருந்தேன்.